ஐந்தாம் நட்சத்திரம்

மிதவை நகரத்தில் காலைக் கொடியேற்றம் என்றால் ஊரே மேல்தளத்தில் கூடிவிடும். ஒவ்வொரு தீவுக்காரருக்கும் தனி வரிசை. லோசா வழக்கம்போல தன் தீவான மோட்டுலேயாவின் வரிசையில் முன்னால் நின்றாள். அண்ணன் செமிசியைக் காணவில்லை. கடல்துறை அமைச்சராயிற்றே, வேலையாக இருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

கொடியின் நீலம் பசிபிக் கடல். மஞ்சள் நட்சத்திரங்கள் ஆறும் ஆறு தீவுகள். விடுதலை நாளில் அப்படித்தான் வரைந்தார்கள். பிறகு கடல் ஏறி ஆறு தீவுகளையும் விழுங்கிவிட்டது. வழக்கு உலகக் கடல் மன்றத்துக்குப் போனது. கொடியில் நட்சத்திரம் இருக்கும்வரை தீவும் இருப்பதாகவே கொள்ளப்படும், அதைச் சுற்றிய கடல் அந்தத் தீவாருக்கே சொந்தம் என்று தீர்ப்பு வந்தது. அன்றிலிருந்து அந்தத் துணிதான் அவர்களுக்கு நிலம்.

ஒளியிழைக் கொடி மெல்ல மேலேறி விரிந்தது. ஐந்து நட்சத்திரங்கள்தான் எரிந்தன.

இழை ஏதோ அறுந்திருக்கும் என்றுதான் லோசா முதலில் நினைத்தாள். அதற்குள் ஒலிபெருக்கி பேசியது: "குலத்தலைவர் சம்மதத்தின்படி கொடியின் ஐந்தாம் நட்சத்திரமான மோட்டுலேயா நீக்கப்படுகிறது. அத்தீவார் இனி குடியுரிமையற்ற கரையிலிகள்."

அவள் மணிக்கட்டில் பச்சையாக ஒளிர்ந்த குடிவளை சாம்பல் நிறமானது. மோட்டுலேயாவின் குலத்தலைவர் செமிசி.

அவனைத் தேடினாள். மனைவியின் தீவு வரிசையில் நின்றிருந்தான். அவன் வளை பச்சையாகவே ஒளிர்ந்தது.

"அண்ணா, நீயா கையெழுத்துப் போட்டே?"

"நகரத்தோட அடித்தளம் அரிச்சுப் போச்சு, லோசா. ஒரு தீவோட கடலைத் தோண்டக் கொடுத்தா சுரங்கக் கம்பெனி புது நகரமே கட்டித் தருது. யாராவது விட்டுக்கொடுத்துத்தானே ஆகணும்?"

"நீ எதை விட்டுக்கொடுத்தே?"

அவன் வளையைச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டான்.

"போட்ட கையோட இந்தப் பக்கம் மாறிட்டே. அப்படித்தானே?"

"உன்னையும் சேர்த்துக்கச் சொல்லிப் பேசி வெச்சிருக்கேன். சத்தம் போடாம வா."

லோசா பின்னால் கைகாட்டினாள். அவர்கள் வரிசை கலையாமல் அப்படியே நின்றிருந்தது. "அவங்களை?"

செமிசி தலையைத் திருப்பிக்கொண்டான்.

"அம்மாவைப் புதைச்ச இடம் மோட்டுலேயா. உன் கையாலதான் மண் போட்டே."

"இப்ப அங்க மண்ணே இல்லையேம்மா," என்றான் அவன் கெஞ்சும் குரலில்.

லோசா தன் வரிசைக்கே திரும்பி நடந்தாள்.

அன்று மத்தியானமே லோசாவும் மோட்டுலேயாக்காரர் நாலைந்து பேரும் ஒரு மீன்படகில் கிளம்பினார்கள். மோட்டுலேயா இருந்த இடத்தில் சுரங்கக் கப்பல் ஏற்கெனவே வந்து நின்றது. அதன் பக்கவாட்டில் ராட்சத உறிஞ்சுகுழாய் கடலுக்குள் இறங்கத் தயாராகத் தொங்கியது.

"எந்த நாட்டுப் படகு?" என்று கப்பலிலிருந்து குரல் கேட்டது.

"மோட்டுலேயா!" என்று கத்தினாள் லோசா.

"அப்படி ஒரு இடம் வரைபடத்தில் இல்லை. விலகிப் போங்கள்."

லோசா மோட்டாரை நிறுத்தினாள். நங்கூரத்தைத் தூக்கிக் குழாய்க்கு நேர் கீழே வீசினாள். கயிறு ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு கீழே, மூழ்கிய மோட்டுலேயாவில் எதிலோ மாட்டி, கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.