டாஷ்போர்டில் கறுப்பு டேப்

எஞ்சினை அணைத்துக் கால் மணி நேரம் ஆகிவிட்டது. ஆனாலும் எதிர்ச் சுவரில் இருந்த திரையில் எண்கள் அடங்கவில்லை. புகைப் பரிசோதனை நிலையத்தில் பதினோரு வருடமாக வண்டிகளின் சைலன்சர் குழாய்க்குள் கம்பியை விட்டு எடுக்கிற சோதனைக்காரருக்கே இது புதிது. அணைத்த வண்டியின் குழாயில் கொஞ்ச நேரத்தில் வெளிக்காற்றுதான் மிஞ்சும். ஆக்ஸிஜன் இருபத்தொன்றில் வந்து நிற்க வேண்டும். இங்கே பதினாறு. கரியமில வாயு நான்கு. கம்பியை வெளியே எடுத்தார், இருபத்தொன்று. மறுபடி விட்டார், பதினாறு. அதுவும் ஒரே இடத்தில் நிற்காமல் லேசாக ஏறியது, இறங்கியது, ஏறியது.

அந்த எண்கள் அவருக்குத் தெரிந்தவைதான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பயிற்சி கொடுத்தவர் எல்லோரையும் விளையாட்டாகக் கம்பியில் ஊதச் சொன்னார். மனிதர் விடும் மூச்சு பதினாறும் நான்கும். "எல்லாரும் பாஸ், யாரும் புகைய விடல" என்று அவர் சொன்னதற்கு அன்று விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வெளியே பிற்பகல் மழை தகரக் கூரையை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. "பெயிண்ட் அடிச்சு, நம்பர் மாத்தி, புது மாப்பிள்ள மாதிரி கொண்டாந்திருக்கேன். சட்டுபுட்டுனு முடிச்சுக் குடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, சாரல் வருகிறதென்று ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, வண்டியைக் கொண்டுவந்த புரோக்கர் டீ குடிக்கப் போயிருந்தார். வண்டிக்குள் பெயிண்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. அதற்கு அடியில் ஈரத் துணியும் புளித்த பாலும் கலந்த ஒரு வாடை.

இயந்திரம்தான் பழுது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, தலையை மட்டும் உள்ளே நீட்டிச் சாவியை ஒரு திருகு திருகினார். டாஷ்போர்டில் விளக்குகள் எல்லாம் எரிந்து ஒவ்வொன்றாக அணையத் தொடங்கின. எஞ்சின் விளக்கு இருக்கும் இடத்தில் நகத்தளவு கறுப்பு டேப். உரிந்து வராமலிருக்க நாலு மூலையையும் கத்தரிக்கோலால் வளைத்து வெட்டியிருந்தது. அப்படி மெனக்கெட்டு வெட்டுகிற ஆள் அவருக்குத் தெரிந்து ஒருவர்தான். அவரே.

இரண்டு வருடத்துக்கு முன் இந்த வண்டி வெள்ளை நிறம். "இந்த மஞ்ச விளக்கு அணையவே மாட்டேங்குதுண்ணே" என்று அதன் சொந்தக்காரர் சொன்னபோது வரிசை நீளமாக இருந்தது, வயிறு பசித்தது. விளக்கின் மேல் டேப்பை ஒட்டினார். கம்பியைப் பக்கத்தில் நின்ற நல்ல வண்டியின் குழாயில் விட்டு, அந்த எண்களையே இதற்குச் சான்றிதழாக அடித்துக் கொடுத்தார். மூன்றாவது வாரம் ஒரு மழை நாளில், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஓடுகிற வண்டிக்குள் உட்காரவைத்துவிட்டு, ரோட்டில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க இறங்கிப் போனார் அந்த மனிதர். திரும்பி வந்தபோது மூன்று பேரும் தூங்குகிற மாதிரி இருந்தார்கள். சைலன்சர் குழாயில் இருந்த ஓட்டை வழியாகப் புகை உள்ளே வந்திருந்தது. பத்து நாள் கழித்து இங்கே வந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"அண்ணே, நீங்க பாத்துத்தானே குடுத்தீங்க?"

"பாத்தேன்" என்றார் சோதனைக்காரர்.

அன்று மரத்துப்போன மனசு பிறகு திரும்பவே இல்லை. சாப்பிடுகிறார், தூங்குகிறார், மகள் ஓடிவந்து எதையாவது காட்டினால் "நல்லாருக்கு" என்கிறார். இப்போதும் பயம் வரவில்லை. வந்தால் தேவலை என்று மட்டும் தோன்றியது.

மூன்று சிவப்பு விளக்குகள் அணையாமல் நின்றன. சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் எரிகிறவை. முன்னால் ஒன்று. பின்னால் இரண்டு.

சீட்டுகள் காலி.

இந்தத் தடவை உள்ளபடி எழுதிவிட வேண்டும். ஃபெயில் என்று எழுத வேண்டும். முதலில் அந்த டேப் போக வேண்டும். அதற்காக உள்ளே ஏறி உட்கார்ந்தார். நான்காவது விளக்கு எரிந்தது. டேப்பின் ஒரு மூலையில் நகத்தை வைத்தார்.

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

பக்கத்து சீட்டில் 'க்ளிக்'. ஒரு விளக்கு அணைந்தது.

பின்னால் 'க்ளிக்'.

இன்னொரு 'க்ளிக்'. சின்னக் கைக்குக் கொஞ்சம் சிரமம் போல, தாமதமாக.

இப்போது ஒரே ஒரு விளக்கு. அவருடையது.

ஷட்டருக்கு வெளியே மழையில் செருப்புச் சத்தம். புரோக்கரின் குரல். "அண்ணே, பாத்தாச்சா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் பின் சீட்டிலிருந்து பதில் வந்தது. தூக்கம் கலையாத சின்னக் குரல்.

"இன்னும் பாக்கல."

அவர் கை தானாக மேலே போனது. பெல்ட்டை இழுத்தது. மாட்டியது. சிவப்பு அணைந்தது.

எஞ்சின் ஓடவில்லை. எதிர்ச் சுவரில் ஆக்ஸிஜன் எண் இறங்கத் தொடங்கியது. பதினாறு. பதினான்கு. பதினொன்று.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.