விமானம் ஏறாத தம்புவா

லோசலினிக்குப் பத்து வயது. அவளும் அப்பா அபிசாயும் தங்கள் தீவு நாட்டின் நாந்தி விமான நிலையத்துக்கு வந்திருந்தார்கள். ஆக்லாந்து விமானம் கிளம்ப இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

அப்பாவின் பையில் ஒரு தம்புவா இருந்தது. திமிங்கலப் பல், ஒரு சாண் நீளம், தேன் நிறம், இரண்டு முனையிலும் கயிறு.

லோசலினியின் அண்ணன் எப்பேலி, மேரே என்ற பெண்ணை அவள் வீட்டாரிடம் கேட்காமலே ஆக்லாந்தில் கல்யாணம் செய்துகொண்டான். அங்கேயே இருக்கும் மேரேயின் அப்பா நெமானி ஐந்து மாதமாக இருவரோடும் பேசவில்லை. தங்கள் வழக்கப்படி தம்புவா கொடுத்து மன்னிப்புக் கேட்கத்தான் இந்தப் பயணம்.

சுங்க அதிகாரி வாசிதி பையைத் திறந்து பார்த்தார். அனுமதிச் சீட்டு எங்கே என்று கேட்டார். அப்படி ஒன்று வேண்டும் என்பதே அப்பாவுக்குத் தெரியாது.

"என் கல்யாணத்துக்கும் ரெண்டு தம்புவா வந்துச்சுங்க. எனக்கு இதோட மதிப்பு தெரியும்," என்றார் வாசிதி. "ஆனா திமிங்கலத்தை வேட்டையாடி, எண்ணெய், பல்லுன்னு நாடு நாடா வித்து, கடல்ல அதுங்களையே காணோம்னு ஆக்கிட்டாங்க. அதனாலதான் இந்தச் சட்டம். சீட்டு இல்லாம விடமாட்டேன்."

சீட்டு வாங்கச் சில வாரங்கள் ஆகுமாம். அப்பா பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். வெறுங்கையோடு நெமானியின் முன்னால் போய் நிற்க அவரால் முடியாது.

லோசலினி அவர் பக்கத்தில் குந்தினாள்.

"அப்பா, இது நெமானி மாமா கையிலதான் போகணுமா? அவங்க வீட்டுப் பெரியவங்க யார் வாங்கினாலும் சரிதானே?"

"சரிதான். அதுக்கென்ன?"

"அவரோட அண்ணன் பக்கத்துல லௌட்டோக்காவுலதானே இருக்காரு?"

அப்பா உடனே போனை எடுத்தார்.

முக்கால் மணி நேரத்தில் நெமானியின் அண்ணன் சவெனாகா வந்தார். சர்க்கரை ஆலைச் சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். வாகன நிறுத்தத்தின் பக்கத்துப் புல்தரையில் மூவரும் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். சவெனாகா ஆக்லாந்தில் இருக்கும் நெமானியை அழைத்து, போனை நடுவில் வைத்தார்.

அப்பா தம்புவாவை இரண்டு கைகளாலும் ஏந்தி, மகனுக்காக மன்னிப்புக் கேட்டார். சவெனாகா அதை வாங்கிக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார்.

"ஏத்துக்கிட்டேன்," என்று சொல்லி, ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக உள்ளங்கைகளைக் குவித்து மூன்று முறை தட்டினார்.

போனில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று லோசலினி குனிந்து பார்த்தாள்.

அப்போது மறுமுனையில் நெமானியின் குவித்த கைகள் தட்டும் அதே ஓசை, மெதுவாக, மூன்று முறை கேட்டது.