மஞ்சள் குழாய்

நீச்சல் குளத்திலிருந்து ஏறி வந்தபோது மற்ற மூன்று பேருடைய சிலிண்டரிலும் காற்று பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. அவளுடையதில் மட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பயிற்சியாளர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மெலிந்த, வெயிலில் கறுத்த, சத்தமாகப் பேசத் தெரியாத மனிதர். முள் இருந்த கண்ணாடியை நகத்தால் இரண்டு தட்டு தட்டினார்.

"முதல் நாள் எல்லாரும் இப்படித்தான் மேடம். பயத்துல காத்தை மடக்கு மடக்குன்னு இழுத்துடுவாங்க. போகப் போகச் சரியாயிடும்."

"எனக்குப் பயமா இல்லையே" என்றாள்.

அது வீம்புக்குச் சொன்னதல்ல. எட்டு மாதமாக அவளுக்குப் பயம் இல்லை, அழுகை இல்லை, உருப்படியாகப் பசியும் இல்லை. காலையில் எழுந்தால் கால் தானாக நடந்தது. வேலைக்குப் போனாள், வந்தாள். யாராவது நகைச்சுவையாகப் பேசினால் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அந்த இடத்தில் சிரித்தாள்.

இந்த ஸ்கூபா முக்குளிப்பு வகுப்புக்குப் பெயர் கொடுத்தது அவள் கணவர். கல்யாண நாளன்று இரண்டு பேருக்கும் இடம் பிடித்து, ஒரு வருஷத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்ற சீட்டை உறையில் போட்டு அவளுடைய தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். இருவருக்கும் நீச்சலே அரைகுறை. "மூழ்கப் போறவனுக்கு எதுக்குடி நீச்சல்?" என்று அதற்கும் ஒரு ஜோக் அடித்தார். அடுத்த மாதமே நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் படுத்தார். பத்தொன்பது நாள் மெஷின்தான் அவருக்காக மூச்சு விட்டது. இருபதாவது நாள் டாக்டர் நீட்டிய தாளில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

சீட்டைக் கண்டெடுத்தவள் தங்கை. "சும்மா சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காதக்கா. போய்ட்டு வா. தண்ணிக்குள்ள போனா மனசு லேசாகும்கிறாங்க" என்று பிடித்துத் தள்ளினாள். போனால், குளத்தங்கரையில் இரண்டு பேருக்கான சாமான்களையும் எடுத்து வரிசையாக வைத்திருந்தார்கள். "ஒருத்தர் வரல" என்று அவள் சொன்னாள். பயிற்சியாளர் அதற்கு மேல் கேட்காமல் இன்னொரு சிலிண்டரைத் தூக்கி உள்ளே வைத்தார்.

இரண்டாவது வகுப்பில்தான் அது காதில் விழுந்தது.

அவளுக்குப் பிழைப்பே காதுதான். கேட்கும் திறனைச் சோதிக்கிற வேலை. சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, வெளியே இருந்தபடி மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவாள். கேட்டால் அவர்கள் விரலைத் தூக்க வேண்டும். பதினான்கு வருஷமாக அதே வேலை. அதனால், குளத்தின் அடியில் நீலச் சதுர ஓடுகளின் மேல் முட்டி போட்டு, வாயில் காற்று தரும் ரெகுலேட்டரைக் கடித்தபடி, குளோரின் வாசனை மூக்குக்கு எட்டாத அந்த மூடிய முகக்கண்ணாடிக்குள்ளிருந்து தன் மூச்சை உள்ளே போகும்போது சீறலாகவும் வெளியே வரும்போது கொதிக்கும் தண்ணீர் போன்ற கொடகொடப்பாகவும் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, அந்த இரண்டுக்கும் நடுவே, தனக்கு ஒரு சாண் பின்னால், இன்னொரு சீறலும் இன்னொரு கொடகொடப்பும் இருப்பது சட்டென்று பிரிந்து தெரிந்தது.

திரும்பினாள். பின்னால் யாருமில்லை. அவளுடைய மஞ்சள் குழாய் மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

முக்குளிப்பவர் எல்லோரிடமும் அது உண்டு. கறுப்புக் குழாயின் நுனியில் இருக்கும் ரெகுலேட்டர் தன் வாய்க்கு. மஞ்சள் குழாயின் நுனியில் இருக்கும் இரண்டாவது ரெகுலேட்டர் கூட வருபவருக்கு. அவருடைய காற்று தீர்ந்துவிட்டால் அதைக் கடித்துக்கொண்டு ஒரே சிலிண்டரில் இரண்டு பேரும் மேலே வரலாம். யாரும் கடிக்காதபோது அதிலிருந்து ஒரு குமிழிகூட வரக் கூடாது.

அவளுடையதிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒரு கொத்து குமிழி. பிறகு ஒன்றுமில்லை. நீண்ட இடைவெளி. பிறகு சின்னதாக இரண்டு கொத்து.

கரையேறியதும் சொன்னாள். பயிற்சியாளர் திருகியும் அழுத்தியும் பார்த்தார். "வால்வு லூசா இருக்கலாம். தானா ஒழுகும். மாத்திடறேன்" என்றார். மாற்றினார். மூன்றாவது வகுப்பிலும் அவளுடைய முள்தான் முதலில் சிவப்புக்கு வந்தது.

அன்று சாமான்களைக் கழுவும்போது, கூடப் பயிற்சிக்கு வந்த பல் டாக்டர் அவள் பக்கத்தில் நின்றார். வகுப்பில் இருந்த நான்கு பேரில் இரண்டு பேர் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். அவர்கள் தண்ணீருக்குள்ளும் கையை விடவில்லை. மிச்சம் அவளும் இந்தப் பல் டாக்டரும். ஐம்பது வயது, தொப்பை, ஓயாத பேச்சு. ரப்பர் உடையைப் போட்டால் கத்தரிக்காய் மாதிரி இருப்பதாகத் தன்னையே கிண்டலடித்துக்கொள்வார். அவளுக்கு ஜோடியாக அவரைத்தான் போட்டிருந்தார்கள்.

அவள் மஞ்சள் ரெகுலேட்டரைக் குழாய்த் தண்ணீரில் காட்டிக் கழுவிக்கொண்டிருந்தாள். டாக்டர் எட்டிப் பார்த்து அதைக் கையில் வாங்கினார்.

"ஏம்மா, இது புதுசுன்னுதானே மாத்திக் குடுத்தாரு?"

"ஆமா டாக்டர்."

"யாரோ கடிச்சிருக்காங்களே." வாயில் வைக்கிற ரப்பரை வெளிச்சத்தில் திருப்பினார். "நல்லா அழுத்தி. பெரியாளு பல்லு. ஆனா பாருங்க, இடது பக்கம் மட்டும்தான் பதிஞ்சிருக்கு. வலது பக்கம் வாய் மூடவே இல்ல. அங்க ஏதோ ஒரு குழாயை வெச்சுக்கிட்டே கடிச்ச மாதிரி." சிரித்தார். "எந்தப் பேஷன்டோ!"

அவள் அதை வாங்கிப் பையில் வைத்தாள். ஆஸ்பத்திரியில் கணவர் உதட்டின் வலது ஓரத்தில் வெள்ளை பிளாஸ்திரி போட்டு ஒட்டிய குழாய். பத்தொன்பது நாள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். உடம்பு சிலிர்க்கும் என்று காத்திருந்தாள். சிலிர்க்கவில்லை. சின்னதாக ஒரு நிம்மதி மாதிரிதான் இருந்தது.

குமிழிகளுக்கு நடுவே வந்த அந்த இடைவெளியும் அவளுக்குத் தெரிந்ததே. மெஷினை நிறுத்தியதும் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தாள். முடியவில்லை. அவராக மூச்சு விட்டார். ஒன்று. நீண்ட இடைவெளி. சின்னதாக இரண்டு. அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாமல் அவள் வராந்தாவுக்கு வந்து, தண்ணீர் குடிக்கிற மாதிரி நின்றாள். ஒரே ஒரு டம்ளர் தண்ணீர். திரும்பி உள்ளே போனபோது நர்ஸ் போர்வையை அவர் முகத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அன்று மாலை தங்கை போனில் கேட்டபோது பாதியைச் சொன்னாள்.

"அத்தான் மூச்சு மாதிரியே இருக்குடி. தண்ணிக்குள்ள."

"நாளைக்குக் கடைசி வகுப்புக்கு ஏரிக்குப் போகணும்னியே. போகாதக்கா."

"ஏன்?"

"உன் குரல் நல்லாவே இல்ல. எனக்கு என்னமோ பண்ணுது. வேண்டாம், விட்டுடு."

"அவர் அங்க இருக்காருடி" என்றாள் அவள், கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பது போல.

ஏரி என்றார்களே தவிர, கைவிடப்பட்ட கல்குவாரிதான். மூன்று பக்கமும் செங்குத்தாக வெட்டிய பாறை, நடுவில் பச்சைத் தண்ணீர். காலை பத்து மணி, நல்ல வெயில். எட்டு மீட்டர் ஆழத்தில் பயிற்சிக்காக ஓர் இரும்பு மேடை போட்டிருந்தார்கள். அதைத் தாண்டினால் ஆழம் முப்பது என்று பயிற்சியாளர் சொன்னார். புதுத் தம்பதி முதலில் போய்த் தேர்ச்சி பெற்று, கரையில் துண்டைப் போர்த்திக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"முழு சிலிண்டருக்கு இருநூறு, உங்க முள் எழுபதுக்கு வந்தா எனக்குக் காட்டுங்க மேடம். உடனே மேலே வந்துடலாம்" என்றார் பயிற்சியாளர்.

கயிற்றைப் பிடித்தபடி இறங்கினார்கள். காதை அடைத்தது, விட்டது. மேலே வெளிச்சம் கலங்கிய பால் மாதிரி ஆனது. கீழே பச்சை கெட்டியாகிக்கொண்டே போய், மேடையின் விளிம்புக்கு அப்பால் கறுப்பாக முடிந்தது. இரும்பின் துரு கையுறையில் ஒட்டியது. குளத்தில் கேட்ட மோட்டார் சத்தமோ ஆட்களின் பேச்சோ இல்லாத அந்த அமைதியில், அவளுடைய மூச்சுக்குப் பின்னால் மற்ற மூச்சு இதுவரை இல்லாத துல்லியத்தோடு, நாக்கு ரப்பரில் ஒட்டிப் பிரிகிற சின்ன ஈரச் சத்தம் உட்பட, கேட்டது. அவள் தன் மூச்சைக் குறைத்துக்கொண்டாள். அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும்.

பாடம் எளிமையானது. டாக்டர் கழுத்துக்குக் குறுக்கே கையை ஓட்டுவார்: காற்று இல்லை. அவள் மஞ்சள் குழாயைக் கொடுக்க வேண்டும். மேடையில் எதிரெதிராக முட்டி போட்டார்கள். பயிற்சியாளர் தலையசைத்தார். டாக்டர் சைகை செய்துவிட்டு, தன் ரெகுலேட்டரை எடுத்துவிட்டு, அவள் தோளுக்குப் பின்னால் கையை நீட்டி மஞ்சள் குழாயைப் பிடித்து இழுத்தார்.

வரவில்லை.

இன்னொரு தடவை இழுத்தார். குழாய் விறைத்து அவள் தோளை அழுத்தியது. டாக்டர் குழாயோடு கையை ஓடவிட்டு நுனியைத் தேடினார். கை ஓரிடத்தில் நின்றது. விரல்கள் எதையோ தடவின. அவர் கண்கள் முகக்கண்ணாடிக்குள் மெல்ல நிமிர்ந்து, அவளைப் பார்க்காமல், அவளுக்குப் பின்னால் பார்த்தன.

உதைத்தார். மேடை வண்டல் கலங்கலில் மறைந்தது. வாயில் எதுவும் இல்லாமல், கையையும் காலையும் அடித்துக்கொண்டு மேலே பாய்ந்தார். பயிற்சியாளர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். உள்ளங்கையைக் காட்டினார்: இங்கேயே இருங்கள். டாக்டருடைய காலைப் பிடிக்கத் தாவினார். இருவரும் பால் வெளிச்சத்துக்குள் கரைந்தார்கள்.

அவள் இருந்தாள்.

தனியாக விட்டதே நல்லது என்று பட்டது. கண்ணை மூடினாள். நான் வராந்தாவுக்குப் போயிருக்கக் கூடாது என்று மனசுக்குள் சொன்னாள். பின்னால் மூச்சு வந்தது. ஒன்று. இடைவெளி. இரண்டு. அவள் அதோடு சேர்ந்து எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். மூன்றாவது தடவை ஏதோ உறுத்தியது.

கண்ணாடி அறைக்குள் ஏமாற்றுகிறவர்கள் உண்டு. ஒலி காதில் விழாது; ஆனால் அவள் முகத்தைப் பார்த்து எப்போது தூக்க வேண்டும் என்று கண்டுபிடித்து விரலைத் தூக்கிவிடுவார்கள். அப்படிப்பட்டவர்களை அவள் சுலபமாகப் பிடித்துவிடுவாள். பட்டனை அழுத்துவது போலக் காட்டி அழுத்தாமல் விடுவாள். விரல் அப்போதும் எழும்.

அவள் மனசுக்குள் தப்பாக எண்ணினாள். ஒன்று. இடைவெளி. மூன்று.

பின்னால்: ஒன்று. இடைவெளி. மூன்று.

ஐந்து என்று நினைத்தாள்.

ஐந்து.

எட்டு மாதத்தில் முதல்முறையாக அவளுக்குப் பயம் வந்தது. வயிற்றிலிருந்து கிளம்பி, கை கால்களின் நுனிவரை, மரத்த உடம்பில் ரத்தம் பாய்கிற மாதிரி வலியோடு வந்தது. இது அவர் இல்லை. எப்போதுமே இல்லை. தன் தலைக்குள் கைவிட்டு, ஒரு மூச்சையும் ஒரு கடியையும் எடுத்துப் போட்டுக்கொண்ட ஏதோ ஒன்று.

அது இப்போது நடிக்கவில்லை. இழுத்தது. ஒரே இழுப்பு. நிற்காத இழுப்பு.

முள்ளைப் பார்த்தாள். எழுபது. நாற்பது. இருபது.

எழுந்தாள். எழ முடியவில்லை. தோளில் குழாய். கம்பி போல விறைத்த குழாய். மேடையின் விளிம்புக்கு அப்பால், கீழே, கறுப்புக்குள்.

உடையில் காற்று நிரப்பும் பட்டனை அழுத்தினாள். காற்று இல்லை.

மூச்சை இழுத்தாள். ரப்பர் உதட்டோடு ஒட்டியது. ஒன்றும் வரவில்லை.

மேலே வெளிச்சம். யாருமில்லை.

இழுத்தாள். ஒன்றுமில்லை. வாயிலிருந்ததைத் துப்பினாள்.

குழாய் தளர்ந்தது.

தோளுக்கு மேலாக மஞ்சள் ரெகுலேட்டர் மெதுவாக முன்னால் வந்தது. பாடத்தில் சொன்ன மாதிரியே. சரியான பக்கமாகத் திருப்பி. உதட்டுக்கு நேராக.

கடித்தாள். வேறு வழியில்லை.

காற்று வந்தது. சிலிண்டர் காற்று குளிர்ந்திருக்கும், காய்ந்திருக்கும். இது வெதுவெதுப்பாக இருந்தது. ஈரமாக இருந்தது. ஏற்கெனவே யாரோ விட்ட மூச்சு. முள் பூஜ்யத்தில் நின்றது. காற்று வந்துகொண்டே இருந்தது.

அவள் மூச்சை வெளியே விட்டாள்.

முகத்துக்கு முன்னால் குமிழி எழவில்லை. மேடையின் அடியிலிருந்து எழுந்தது.