சந்தனம் காயாத ரைஃபிள்

"மாமா, சேஃபைத் திறங்க. ரெண்டு ரைஃபிளையும் நான் பாக்கணும்."

வெள்ளியங்கிரியின் கை தானாகவே இடுப்புச் சாவியைப் பொத்திக்கொண்டது. அவர் மனைவி ராமாத்தாள், கேட்ட ரோஷினியின் கையைப் பிடித்து இழுத்தாள். ரோஷினிக்கும் தன் மகன் கௌசிக்குக்கும் நிச்சயமான அன்றே அவள் காதோடு சொல்லி வைத்திருந்தாள்: "மாமாகிட்ட எது வேணா கேளு சாமி, அந்தப் பொட்டியத் தொறக்கச் சொல்லி மட்டும் கேட்டுறாத. கட்டிக்கிட்டு வந்த நானே கேட்டதில்ல."

கேட்டாயிற்று. வேறு வழியில்லை.

மாலை நான்கு மணி. டெக்சாஸின் ரவுண்ட் ராக்கிலிருந்து அரைமணி தள்ளியிருந்த வெள்ளியங்கிரியின் பண்ணையில் அன்று ஆயுத பூஜை. மூன்று மணிக்கு ஒரு வெடிச்சத்தம். பக்கத்துப் பண்ணைக்கார டேல் ஆடுகளுக்குக் காவலாக வளர்க்கும் கழுதையின் கழுத்தில் குண்டு பாய்ந்துவிட்டது. கழுதை பிழைத்துக்கொள்ளும். ஆனால் டேல் விடுவதாயில்லை. போலீசுக்கு, ஷெரீஃப் ஆபீசுக்குப் போன் போட்டுவிட்டான், அங்கிருந்து டெபுட்டி வந்துகொண்டிருந்தார்.

அவர் வருவதற்குள் வீட்டில் தீர்ப்பே சொல்லியாகிவிட்டது. ரோஷினிதான் சுட்டாள். கைதவறி வெடித்தது என்று அவளே சொல்லிவிட வேண்டும்.

"அடுத்த மாசம் எனக்கு சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ மாமா. செய்யாததுக்கு எதுக்கு என் பேரைக் குடுக்கணும்?"

"சின்னத் தோட்டா கண்ணு." வெள்ளியங்கிரி சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். வேலியோரம் கிடந்த காலித் தோட்டா அதற்குள் இருந்தது. "நேத்து ரேஞ்சுல சின்ன ரைஃபிள்தான் வேணும்னு அடம் புடிச்சது நீ."

அடமா? ரோஷினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு பண்ணையை அவளும் கௌசிக்கும் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. துப்பாக்கி ரேஞ்சில் சுட்டுப் பழகவும் வேலியோரம் வரும் கோயோட்டி நரிகளை விரட்டவும் ஏற்றதாக, தம்மிடம் இருந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னவரே இவர்தான். இரண்டும், ஒவ்வொரு தோட்டாவுக்கும் அடியிலுள்ள லீவரை இறக்கி ஏற்றிச் சுடும் வகை. சின்னதற்குச் சாதாரண ட்வென்டி டூ தோட்டா. மலிவு, தோளில் உதையே தெரியாது. பெரியதற்கு மேக்னம், நீளமும் பருமனும் கூடிய தோட்டா, கோயோட்டிக்கு அதுதான் எடுபடும். முந்தின நாள் முழுக்க இரண்டையும் மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்தாள். வீட்டிலிருந்த மேக்னம் தோட்டாக்கள் மொத்தமும் தீர்ந்தன. எதற்கு எது பொருந்தும், எதை எதில் போடவே கூடாது என்று கௌசிக்குக்குப் படித்துப் படித்துச் சொன்னாள். அவன் போனிலிருந்து தலை தூக்கவில்லை. "பாக்க கெத்தா இருக்கறது பெருசுதான்" என்றான், அவ்வளவுதான்.

"மூணு மணிக்கு யார் யார் எங்க இருந்தீங்க?"

"ஏம்புள்ள, போலீஸ் வேலைக்கு அப்ளை பண்ணியிருக்கியா?" என்றார் நஞ்சுண்டன். மாமாவின் பழைய நண்பர். லிவர்மோரிலிருந்து பூஜைக்கென்று வந்தவர், வந்ததிலிருந்து மான் வேட்டைக் கதையாகவே அளந்துகொண்டிருந்தார்.

"இல்லைங்க அங்கிள். சாஃப்ட்வேர் கம்பெனில அடுத்தவங்க கோடுல பக் கண்டுபிடிக்கறதுதான் என் வேலை. எங்க இருந்தீங்க?"

"மேல படுத்திருந்தேன். சத்தம் கேட்டுத்தான் முழிச்சேன்."

"சாட்சி?"

"தூங்கறதுக்கு யாராவது சாட்சி வெப்பாங்களா?"

"அத்தை?"

"நானும் மாமாவும் டிராக்டருக்குப் பூசணிக்கா ஒடைச்சிட்டிருந்தோம் சாமி. அந்த சத்தத்துல இதையும் பூசணிக்கான்னே நெனச்சேன்."

"கௌசிக்?"

"ஆபீஸ் கால்ல இருந்தேன். நீ எங்க இருந்த, அதச் சொல்லு."

"வாசல்ல, கார்ல. அம்மாகிட்ட போன் பேசிட்டு இருந்தேன்."

"ஒரு டிகிரி படிச்சதுக்கே இந்தப் பேச்சா? எங்க வீட்ல எல்லாரும் படிச்சவங்கதான்" என்றான் கௌசிக்.

"எங்க வீட்ல நான்தான் முதல் டிகிரி. உங்க வீட்டுப் படிப்பைத்தான் இப்பப் பாக்கப் போறேன். மாமா, சாவி."

வெள்ளியங்கிரி நஞ்சுண்டனைப் பார்த்தார். நண்பர் முன்னால் மறுத்தால் ஒளிக்கிற மாதிரி ஆகிவிடும். முணுமுணுத்துக்கொண்டே திறந்தார்.

காலையில் பூஜையறையில் லேப்டாப், கார் சாவி, அரிவாளோடு இரண்டு ரைஃபிள்களும் சார்த்தி வைக்கப்பட்டிருந்தன. டேல் வந்து கத்திய பிறகுதான் மாமா பதறிப்போய் ரைஃபிள்களை அள்ளிக்கொண்டு போய்ப் பூட்டியிருந்தார். அதுவரை யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம்.

"அத்தை, சந்தனம் நீங்கதானே வெச்சீங்க? எங்கெங்க?"

"லீவரும் கட்டையும் சேர்ற எடத்துல, ரெண்டுக்கும். காலைல ஒம்பது மணிக்கே."

ரோஷினி சின்ன ரைஃபிளை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். லீவருக்கும் கட்டைக்கும் குறுக்கே சந்தனம் காய்ந்து ஓடு போல ஒட்டியிருந்தது. நடுவில் குங்குமம். ஒரு கீறல்கூட இல்லை. பிறகு லீவரை இறக்கினாள். சந்தனம் பொலபொலவென்று உதிர்ந்தது.

"லீவரை அசைக்காம இதுல தோட்டா ஏத்தவும் முடியாது, காலித் தோட்டா வெளிய விழவும் விழாது. காலைலருந்து யாரும் அசைக்கல."

பெரியதை நீட்டினாள். அதிலும் சந்தனம், அதே இடத்தில். விரலால் தொட்டாள். ஈரம் ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஒம்பது மணிக்கு வெச்சது, டெக்சாஸ் வெயில்ல இன்னும் காயலையாம். அழிஞ்சு போச்சு, யாரோ மறுபடி வெச்சிருக்காங்க."

"ஆனா கெடச்சது சின்னத் தோட்டாவாச்சே?" என்றார் மாமா.

"சின்னதுன்னு எல்லாரும் பாத்தீங்க. முழுசா யாராவது பாத்தீங்களா? குடுங்க."

காலித் தோட்டாவை வாங்கி நஞ்சுண்டன் உள்ளங்கையில் வைத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிப் பார்த்தார். பக்கவாட்டில் உப்பி, நீளவாக்கில் கிழிந்திருந்தது.

"அட! கிழிஞ்சிருக்கே. சின்னத் தோட்டாவ மேக்னம்ல போட்டிருக்கான் யாரோ ஒரு கூமுட்டை!"

"சொன்னீங்க பாருங்க. மேக்னம் தோட்டா நேத்தே தீந்துருச்சு. கையில கெடச்சது சின்னதுதான். பெரிய குழல்ல அது தளர்வா உக்காந்துக்கும், வெடிக்கவும் வெடிக்கும், ஆனா குறி நிக்காது. அங்கிளுக்கு இது தெரியும், போட மாட்டார். எனக்குத் தெரியும், நேத்து நான்தான் பாடமே எடுத்தேன். மாமாவும் அத்தையும் பூசணிக்காகிட்ட இருந்தாங்க. பாடத்தைக் கேக்காம போன் நோண்டிட்டு இருந்தது யாரு? கெத்தா இருக்குன்னு பெருசையே புடிச்சது யாரு?"

அவளே சொன்னாள்.

"கௌசிக்."

அவன் சுவரைப் பார்த்தான். "கோக் டின்னைத்தான் குறி வெச்சேன். அது எங்கியோ போயிருச்சு."

"கழுதை மேல குண்டு பட்டது விபத்து. சந்தனத்தைக் குழைச்சு மறுபடி வெச்சியே, அதுவுமா? நான்தான் சுட்டேன்னு இவங்க சொல்லும்போது பக்கத்துலயே நின்னியே, அது?"

வெளியே சரளைக் கல்லில் டயர் அரைபடும் சத்தம். டெபுட்டியின் வண்டி.

வெள்ளியங்கிரி குரலைத் தாழ்த்தினார். "சரி கண்ணு, தப்புதான். இருந்தாலும் ஒரே குடும்பம் ஆகப்போறோம். பொம்பளப் புள்ள கைதவறிருச்சுன்னா லேசா விட்டுருவாங்க. ரெண்டு ரைஃபிளையுமே நீ எடுத்துக்க."

"ரெண்டும் வேண்டாம் மாமா. சின்னது நல்ல ரைஃபிள்தான். அதே மாதிரி ஒண்ணை என் பேர்ல நானே வாங்கிக்கறேன்."

"அப்ப கல்யாணம்?" ராமாத்தாள் குறுக்கே வந்து நின்றாள்.

பாவம், அவளிடம் மட்டும் ரோஷினியால் கோபப்பட முடியவில்லை. "சேஃபைத் திறக்கச் சொல்லிக் கேட்டதுக்கு மன்னிச்சுக்கோங்க அத்தை. நீங்களும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க."

நஞ்சுண்டனின் கையிலிருந்து கிழிந்த தோட்டாவை எடுத்துக்கொண்டாள். கௌசிக் "ரோஷ்" என்று ஒரு அடி முன்னால் வந்தான். அவள் விரலிலிருந்த ஈரச் சந்தனத்தை அவன் சட்டைக் கையில் துடைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, டெபுட்டியை நோக்கி இறங்கி நடந்தாள்.