உருமத்தில் எடுத்த இரவு

பகலை இருட்டாக்கும்போது தண்ணீரும் சேர்ந்து இருள வேண்டும். கஜானி பன்னிரண்டு வருடமாகக் கல்யாண வீடியோவும் பெண்பிள்ளைகள் பெரியவளாகும் சாமத்திய வீட்டு வீடியோவும் வெட்டி ஒட்டுகிறவள். வெளிச்சத்தை இறக்கினால் எது கறுக்கும், எது நீலமாகும் என்பது அவளுடைய விரலுக்கே தெரியும். ஆனால் அன்று காலை பதினொரு மணிக்கு, முதல்நாள் பகலில் வாவியில் எடுத்த காட்சியை இரவாக்க அவள் வெளிச்சத்தை இறக்க இறக்க, வானம் கறுத்தது, அக்கரைத் தென்னைகள் கறுத்தன, தண்ணீரும் கறுத்தது. தண்ணீருக்கு மேலே ஏழெட்டு இடங்களில் மட்டும் என்னவோ கறுக்காமல் சாம்பல் நிறத்தில் நின்றது.

கமெராக் கண்ணாடியைத் துடைக்கவில்லை என்று கமெராக்காரன் றிப்ஷானைத் திட்டினாள். அவன் அங்கே இல்லாததால் அந்தத் திட்டு யாருக்கும் பிரயோசனப்படவில்லை. தூசியென்றால் கமெரா திரும்பும்போது தூசியும் கூடவே திரும்பும். இவை திரும்பவில்லை, இருந்த இடத்திலேயே நின்றன. வெளிச்சத்தை ஏற்றிப் பார்த்தாள், கண்கூசும் வெயிலில் வெறும் வாவி. இறக்கிப் பார்த்தாள், மறுபடியும் ஏழெட்டு. மீன்காரர் நட்ட கம்புகளாக இருக்கும் என்று தோணிக்காரர் சாமித்தம்பிக்குப் போன் போட்டால், அந்தப் பக்கம் கடல் வந்து போன பிறகு யாரும் கம்பு நடுவதில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

வைத்த கையோடு, படம் எடுக்கச் சொன்ன தனோஜன் போன் எடுத்தான். லண்டனில் விடியாத நேரம். அந்த மனுசனுக்கு நித்திரையே கிடையாது. சின்ன வயதில் ஓர் அகதி முகாமில், உழவு இயந்திரத்து பற்றரியில் ஓடிய தொலைக்காட்சியில், 'உருமத்துக்காரி' என்ற பேய்ப் படத்தைப் பார்த்துப் பயந்து காய்ச்சலில் கிடந்தவன். இப்போது யுத்தம் முடிந்து ஒரு வருடம் ஆகிவிட்டதாம், அந்தப் படத்தை இந்தக் காலத்துக்கு ஏற்றமாதிரித் திரும்ப எடுக்க வேண்டுமாம். எடுக்கச் சொன்னவன் எடுக்க விட்டால்தானே. வாரத்துக்கு ஒரு திருத்தம் அனுப்பினான். பேய்க்கு வெள்ளைக் கண் வேண்டும் என்றான், பிறகு எரிந்த முகம் என்றான், இப்போது எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று சொன்னான்.

"பத்து நிமிசத்துக்குள்ள அவள்ட முகத்தைக் காட்டுங்க அக்கா. இந்தக் காலத்துப் பொடியன்மார் ஒண்டரை மணித்தியாலம் முதுகைப் பாத்துக்கொண்டு இருக்கமாட்டானுகள்."

அந்த முதுகுதான் படமே என்று அவள் எத்தனை தரம் சொல்லியாயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றாள்.

'உருமத்துக்காரி' எண்பத்தாறாம் ஆண்டு ஏறாவூர் மஜீட் எடுத்த வீடியோப் படம். மஜீட்டிடம் இருந்ததெல்லாம் குவைத்திலிருந்து மச்சான் கொண்டுவந்த ஒரு கமெராவும் அடங்காத ஆசையும்தான். பேய்ப் படத்துக்கு இரவு வேண்டும். அந்த நாளில் இரவில் வெளியே நின்றால் தானே பேயாகிவிடும் பயம் இருந்தது. அதனால் மனிதர் உருமத்தில், அந்த உச்சி வெயிலில், கமெராவின் வாயில் நீலக் கண்ணாடித் தாளை ஒட்டி இரவை எடுத்தார். இடுப்பளவு தண்ணீரில், கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் நிற்பாள். படம் முழுக்க அந்த முதுகுதான். கடைசியில் கரையிலிருந்து அவளுடைய பிள்ளை கூப்பிட, திரும்புவாள். முகத்தில் மாவுமில்லை, இரத்தமுமில்லை. பெற்ற பிள்ளையை யாரென்று தெரியாமல் பார்க்கிற ஒரு தாயின் முகம். அதைப் பார்த்துவிட்டு ஊரே நடுங்கியது.

அந்தத் தாயாக நடித்தது கஜானியின் அம்மா அன்னப்பூரணி. பிள்ளை கஜானி, ஏழு வயது.

அவள் "அம்மா" என்று கத்தியதும் கரையோரம் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்த மூன்று பெண்களும் சேர்ந்து திரும்பி, காட்சியைக் கெடுத்தார்கள். மஜீட் தலையில் அடித்துக்கொண்டார். அம்மா தண்ணீருக்குள் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மாமாங்கத் திருவிழாவுக்குப் போகக்குள்ளயும் இதைத்தானே மனே சொன்னன். சனத்துக்குள்ள தொலைஞ்சா அம்மா எண்டு கத்தாத, எல்லாப் பொம்பளையும்தான் திரும்புவாள். என்ட பேரைச் சொல்லு, நான் மட்டும் திரும்புவன்."

பெற்றவளைப் பேர் சொல்லிக் கூப்பிட எந்தப் பிள்ளைக்கு நாக்கு வரும்? கஜானி அழுதாளே தவிரச் சொல்லவில்லை. கடைசியில் மஜீட்தான் கமெராவுக்குப் பின்னால் நின்று "அன்னப்பூரணி" என்று கூப்பிட்டார். அம்மா திரும்பினாள்.

அந்தத் திருப்பத்தைத்தான் கஜானி அழித்தாள். தொண்ணூற்றேழில், சோதனைச் சாவடியைத் தாண்டிப் புதுக் கசெற் வராத காலத்தில், பட்டணத்து ஸ்டூடியோ ஒன்றில் வேலை பழகிக்கொண்டிருந்தவள், பெயர் ஒட்டாத பழைய கசெற் ஒன்றை எடுத்து யாருடையவோ தாலிகட்டை அதன்மேல் பதிந்துவிட்டாள். நீலத் தண்ணீரில் நிற்கிற முதுகு மெல்ல அசையும். அடுத்த நொடியில் ஒரு மாப்பிள்ளை பல்லைக் காட்டுவான். பழைய பிரதிகள் எல்லாம் இடம்பெயர்வுகளில் தொலைந்தன. கனடாவிலும் சுவிஸிலும் இருப்பவை எல்லாம் அந்தக் கெட்ட கசெற்றின் பிள்ளைகள்.

அப்போது அது பெரிய விசயமாகத் தெரியவில்லை. அம்மா உயிரோடு இருந்தாள். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடந்த மணல்துண்டில் வீடு, வீட்டுக்குள் படம் ஒட்டிய அல்பம். இரண்டாயிரத்து நாலு மார்கழியில் கடல் அந்த மணலின்மேல் ஏறி அந்தப் பக்கத்து வாவிக்குள் இறங்கியது. அல்பமும் போனது, அம்மாவும் போனாள். உடம்பு கிடைக்கவில்லை. முதல் வருடம் கண்ணை மூடினால் முகம் வந்தது. பிறகு மூக்கு மறந்தது, பிறகு கண். இப்போது எண்பது நிமிட முதுகு கஜானியிடம் இருக்கிறது, முகம் ஒரு நொடிகூட இல்லை. அந்த ஒரு திருப்பத்தை யாரை வைத்தாவது திரும்ப எடுத்தால் தனக்கு முகம் ஞாபகம் வந்துவிடும் என்றுதான் இந்தப் படத்துக்கே ஒப்புக்கொண்டாள். அதைத் தனோஜனிடம் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் படப்பிடிப்பு இன்னும் மோசமாகப் போனது. பகல் இரண்டு மணிக்குமேல் தோணி இறக்க அனுமதியில்லை, ஆகவே அவளுக்கும் மஜீட்டைப்போல உருமம்தான் இரவு. கொழும்பிலிருந்து வந்த நடிகை தண்ணீருக்குள் இறங்கி ஐந்தாவது நிமிடத்தில் ஏறிவந்தாள். குளிரா, காலில் ஏதும் கடித்ததா என்று கேட்டதற்கு இரண்டுக்கும் தலையாட்டவில்லை.

"அங்க நிக்க இடமே இல்ல மேடம்," என்றாள். "ரொம்ப நெருக்கமா இருக்கு."

கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் தண்ணீர். கஜானிக்கு வந்த எரிச்சலில் சிரிப்பே வந்துவிட்டது. நடிகை சிரிக்கவில்லை. ஈரச் சேலையோடு வான் வண்டியில் ஏறி இருந்துகொண்டாள், பிறகு கொழும்புக்கே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து, பின்னறைக் கதவைப் பூட்டி, அன்றைய காட்சியைத் திறந்தாள். அந்த அறையின் யன்னல்களுக்கு பிஸ்கட் பெட்டி மட்டையை வெட்டி, இடுக்கெல்லாம் கறுப்பு நாடா ஒட்டியிருந்தாள். நிறம் பார்க்கிறவளுக்கு வெயில் ஒரு நூல்கூட ஆகாது. மின்விசிறி டக் டக்கென்று அடித்தது. வெக்கையில் மட்டையின் பசை மணத்தது, அதற்கு அடியில் சேற்று மணம் ஒன்று, காலில் ஒட்டி வந்ததாக இருக்கலாம். வெளிச்சத்தை இறக்கினாள்.

ஏழெட்டு இல்லை. நாற்பது, ஐம்பது. எண்ணமுடியவில்லை. நேற்றைவிடக் கரைக்குக் கிட்ட.

முதுகுகள். ஈரத்தலைமயிர் ஒட்டிக்கொண்ட முதுகுகள், பள்ளிக்கூடச் சட்டை போட்ட சின்ன முதுகுகள், கைகள் இரண்டும் பின்னால் சேர்த்துக் கட்டப்பட்ட சில ஆண்களின் முதுகுகள். எல்லாம் அக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றன. அலை அவர்களைச் சுற்றி வளையவில்லை. நடுவில் நடிகை நின்றாள், தோளோடு தோள் இடிபட.

கஜானி கதிரையைப் பின்னால் தள்ளினாள். கணினியை அணைத்துவிட்டு வெளியே ஓடியிருக்கலாம். ஓடவில்லை. பயத்தோடு பயமாக அவளுடைய கண் ஒரு முதுகைத் தேடியது, அதைத் தேட அவளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. வலது தோள் கொஞ்சம் பதிந்து, பின்னல் இடதுபக்கம் ஒதுங்கி, கடைசி வரிசையில் அது நின்றது. எண்பது நிமிட முதுகு.

மூன்றாம் நாள் றிப்ஷானும் சாமித்தம்பியும் மட்டும் வந்தார்கள். றிப்ஷான் மஜீட்டின் மகன். வாப்பா மௌத்தான பிறகு கமெராவைத் தூக்கியவன். நடிகை இல்லாமல் எதை எடுக்கப்போகிறோம் என்று கேட்டான். வெறும் தண்ணீரை எடு, பிறகு ஆளை ஒட்டலாம், கூப்பிடும் சத்தம் மட்டும் நான் கொடுக்கிறேன் என்றாள். அவன் நம்பியதாகத் தெரியவில்லை.

உருமம். காற்றில்லை. சாமித்தம்பியர் தண்ணீரைப் பார்க்காமல் தோணிக்குள் குந்தியிருந்தார். கஜானி கரையில், ஏழு வயதில் நின்ற அதே இடத்தில் நின்றாள்.

"வாப்பா கூப்பிட்டமாதிரி நான் பேரைச் சொல்லிக் கூப்பிடட்டா அக்கா?" என்று றிப்ஷான் மெதுவாகக் கேட்டான்.

"நீ படத்தை எடு. அவ என்ட அம்மா," என்றாள். கோபத்தில் குரல் உடைந்தது.

பிறகு வாவியைப் பார்த்து "அம்மா" என்று கூப்பிட்டாள். ஒன்றுமில்லை. இன்னொரு தரம். வெயில் தண்ணீரில் பளபளத்தது, ஒரு மீன்கூடத் துள்ளவில்லை. மூன்றாம் தரம் அவள் கூப்பிடவில்லை, கதறினாள். ஆறு வருடமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் அதில் வந்தது. அப்போதும் வெறும் வாவி. அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் கூடவாக இருந்தது. யாரோடும் பேசாமல் கமெராவின் நினைவு அட்டையைப் பிடுங்கிக்கொண்டு சைக்கிளில் ஏறினாள்.

வீட்டுக்கு வரும்போது பன்னிரண்டரை. பின்னறைக் கதவைப் பூட்டினாள். திரையில் வாவி எரிந்தது. இறக்கினாள்.

மின்விசிறி நின்றது.

கரண்ட் போய்விட்டது. மேசைக்கடியில் பற்றரிப் பெட்டி கீச்சென்று கத்தத் தொடங்கியது. ஐந்து நிமிடம் திரை தாங்கும். கீச். போதும். அவளுக்கு ஒரு நொடி போதும்.

வாவி நிறைந்திருந்தது. அக்கரை தெரியவில்லை, அவ்வளவு முதுகுகள்.

கீச். ஒலிபெருக்கியில் அவளுடைய குரல். அம்மா.

ஆண்கள் அசையவில்லை. சின்னப் பிள்ளைகள் அசையவில்லை.

பெண்கள் திரும்பினார்கள்.

ஒருத்தி இல்லை. எல்லாரும். கிழவிகள், குமர்கள், இடுப்பில் பிள்ளை இல்லாமலே, பிள்ளை வைத்திருப்பதுபோல இடுப்பை வளைத்துப் பிடித்திருந்தவர்கள். இரண்டாவது தரம் அந்தக் குரல் கேட்டபோது கழுத்தும் திரும்பியது, மூன்றாம் தரம் உடம்பும். யாரென்று தெரியாமல் பார்க்கிற முகங்களில்லை அவை. திருவிழாச் சனத்துக்குள் தொலைந்த பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்ட முகங்கள். ஒவ்வொருத்தியும் அவளைத்தான் பார்த்தாள். ஒவ்வொருத்திக்கும் அவள்தான் பிள்ளை.

கீச். கரையை நோக்கி நடந்தார்கள்.

கஜானி அந்தத் தோளைத் தேடினாள். பதிந்த வலது தோள். இருந்தது. கடைசி வரிசையில். முதுகு. திரும்பவில்லை.

கீச் நின்றது. திரை செத்தது.

இருட்டு. வெளியே உருமம், ரோட்டில் யாரோ சைக்கிள் மணி அடித்துப் போகிறார்கள். உள்ளே அவள் மட்டை ஒட்டிச் செய்த இரவு. இருட்டாக்கிய பகல்.

கால் நனைந்தது.

எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. கதிரைக்குப் பின்னால் இடமில்லை. பக்கத்தில் இடமில்லை. சேற்று மணம். ஈரத்துணி முழங்கையில் உரசியது. தலையில் ஒரு கை, மெதுவாக, பேன் பார்ப்பதுபோல. கன்னத்தில் இன்னொரு கை. தாடையை நிமிர்த்த மூன்றாவது. நாலாவது. குளிர். எல்லாம் அன்பான கைகள். எல்லாம் இழுத்தன, ஒவ்வொன்றும் தன்தன் பக்கம்.

இருட்டு மெல்லச் சாம்பல் நிறமானது. முகங்கள். முகங்களுக்குப் பின்னால் முகங்கள். அவற்றுக்கும் அப்பால், பூட்டிய கதவோடு ஒட்டி, பின்னல் இடதுபக்கம் ஒதுங்கிய ஒரு முதுகு.

பேர் தெரியும். ஏழெழுத்து. வாயைத் திறந்தாள். நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது, ஏழு வயதில் ஒட்டிக்கொண்டதுபோல. மூச்சு முழுவதையும் கூட்டித் தள்ளினாள்.

"அம்மா," என்று வந்தது.

கைகள் இன்னும் கிட்ட வந்தன. கதவடியில் நின்றவள் மட்டும் திரும்பவில்லை.