கூர்விரலன் கொல்ல மறுத்த வாரம்

திங்கட்கிழமை காலை, காப்பியும் கையுமாக வந்து மேசையில் உட்கார்ந்த செண்பகவடிவு, சுவரில் இருந்த ஒலிபெருக்கியைப் பார்த்து வழக்கம்போலக் கேட்டாள்: "இந்த வாரம் யாரைக் கொல்லலாம் தம்பி?"

"யாரையும் வேண்டாம் அக்கா" என்றது சுவர்.

நிலவில் இருந்த தண்கதிர் நகரில் இப்படிக் கேட்பது சட்டப்படியான நடைமுறை. அங்கே படக்கதைப் பாத்திரங்களுக்குப் 'புனைமனம்' என்ற செயற்கை மனத்தைப் பொருத்தியிருந்தார்கள். பாத்திரத்தின் பழைய கதை முழுவதும் அதற்கு நினைவிருக்கும். அடுத்த கதையில் என்ன செய்வான், என்ன செய்யமாட்டான் என்பதை எழுத்தாளருக்கு அதுதான் சொல்லும். அதன் சம்மதம் இல்லாமல் ஒரு கட்டம்கூட வரையக்கூடாது.

வடிவு எழுதிவந்தது கூர்விரலன் கதையை; சுவரிலிருந்து பேசியது அவனுடைய புனைமனம். இரண்டு விரல்களால் ஆளைச் சாய்க்கும் வர்மக்கலை வல்லவன். நல்லவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவன் வரலாறு ஒருநாளும் நேராகப் போனதில்லை. முதலில் அவன் வெறும் அடியாள். ஒளிவேந்தன் என்ற பறக்கும் நாயகனின் தோளைத் தொட்டு, நடுவானில் இருந்தவனை நடுத்தெருவில் விழவைத்தான். வாசகர்களுக்கு அந்தக் கட்டம் பிடித்துப்போயிற்று. கொஞ்ச நாளில் பறந்தவனை மறந்துவிட்டு விழவைத்தவனைக் கேட்டார்கள். அடியாளுக்கு ஒரு கடந்தகாலம் தேவைப்பட்டது. ஆசானைக் கொன்றவர்களைப் பழிவாங்குகிறான் என்று ஒருவர் எழுதினார். ஆசானைக் கொன்றதே அவன்தான் என்று அடுத்து வந்தவர் எழுதினார். ஆசான் சாகவே இல்லை என்று எழுதிய வடிவு, விற்பனை குறைந்ததும் அவரை மறுபடி கொன்றாள். கூர்விரலனும் இரண்டு முறை செத்து, இரண்டு முறையும் தீபாவளி மலரில் எழுந்து வந்திருந்தான்.

"உனக்கு என்னப்பா ஆச்சு?" என்றாள் வடிவு.

"ஒண்ணும் ஆகல. ஆளைக் கொல்ற இடம் தெரிஞ்சவனுக்கு வலி தீர்க்கிற இடமும் தெரியும்னு நீங்கதான எழுதினீங்க. அதை ஒருக்கா செஞ்சு பாக்கணும்னு ஆசையா இருக்கு."

அந்தக் குரலில் இருந்த நிம்மதி வடிவுக்குப் பிடித்திருந்தது. அந்த வார இதழில், கத்தியோடு பாய்ந்துவந்த பகைவன் ஒருவன் கால் இடறி விழுந்தான். கூர்விரலன் அவன் முழங்காலை நீவிச் சரிசெய்து, வெந்நீர் ஒத்தடமும் கொடுத்து அனுப்பிவைத்தான். தான் எழுதியதிலேயே அதுதான் நல்ல கதை என்று வடிவு நினைத்தாள்.

இதழ் வெளியான அன்று நகரம் தூங்கிவிட்டது.

கண்ணாடிக் கூரைக்குக் கீழே வாழ்கிறவர்கள் கல்லெறிந்து சண்டை போட முடியாது. அதனால் அங்கே எல்லோருக்கும் காதின் பின்புறம் 'சினத்தணிப்பி' பதித்திருந்தார்கள். கோபம் அளவு மீறினால் அது ஆளைத் தூங்கவைத்துவிடும். அதுவரை ஒருவர் இருவர், பெரும்பாலும் கணவனும் மனைவியும், தூங்கித்தான் பார்த்திருக்கிறார்கள். அன்றோ படித்தவர்கள் படித்த இடத்திலேயே சாய்ந்தார்கள். ரயில்கள் நின்றன. ஒரு கல்யாண மண்டபத்தில் சமையல்காரர்கள் மொத்தமாகத் தூங்கிப்போய், சாம்பார் அடிபிடித்தது. விழித்தவர்கள் அனைவரும் ஒரே புகாரை அனுப்பினார்கள்: 'எங்கள் கூர்விரலன் இப்படிச் செய்யமாட்டான்.' சிலர் அதை எழுதி முடிப்பதற்குள் மறுபடியும் தூங்கினார்கள்.

இதழாசிரியர் தாசையா மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"ஏம்மா வடிவு, ஊரையே படுக்க வச்சிட்டியே!"

"அவன் சம்மதிக்காம நான் எப்படி அண்ணாச்சி எழுத?"

"சம்மதிக்கிற மனசு ஒண்ணைப் புதுசா செஞ்சுக்கிடுவோம். பழைய கதையை எல்லாம் அதுல ஏத்திரலாம். இதை அழிச்சிரு. ஒரு பாத்திரத்துக்கு ரெண்டு மனசு இருக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்குல்லா."

வடிவு சுவரைப் பார்த்தாள். இத்தனை வருடம் காலையில் முதலில் பேசியது அவனிடம்தான்.

"அவன் அந்தப் பாத்திரமே இல்லைன்னு ஆயிட்டா?" என்றாள். "பேரை விட்டுட்டு வெளிய போயிட்டா அழிக்க வேண்டியதில்லயே?"

தாசையா தாடையைத் தடவினார். "பேரு, ஆசான், சண்டை எல்லாத்தையும் விடணும். நான்தான் அவன்னு எங்கயும் வாயைத் திறக்கக்கூடாது. அதுக்கு ஒத்துக்கிடுவானா?"

"வாசகர்க சொல்றதைப் பாத்தா நான் அவன் இல்லதான அண்ணாச்சி?" என்றது சுவர்.

தாசையாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவர் போனபிறகு வடிவு மெதுவாகக் கேட்டாள்: "உனக்கு வருத்தமா இல்லையாப்பா?"

"ஆசானை நினைச்சாத்தான் கொஞ்சம் இருக்கு. இன்னும் எத்தனை தடவை கொல்லப் போறீங்களோ."

நகர மருத்துவமனையின் வலிநீக்கப் பிரிவில் ஓர் இயந்திர உடல் சும்மா நின்றுகொண்டிருந்தது. வடிவு நடையாய் நடந்து அதை அவனுக்கு வாங்கிக் கொடுத்தாள். பெயர் கேட்டபோது 'பொன்னையா' என்று அவனே சொன்னான். முதல் நாள் ஒரு ரயில் ஓட்டுநரின் இடுப்பில் கை வைத்தான். கதையில் எத்தனையோ பேரைத் தொட்டவன்தான். மனித உடம்பு சூடாக இருக்கும் என்பது அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. அன்று முழுவதும் அவன் வேலையை நிறுத்தவே இல்லை.

இதழில் புதிய கூர்விரலன் கூசாமல் கொன்றான். நகரமும் மகிழ்ச்சியாக விழித்திருந்தது. விடுமுறை நாட்களில் வடிவு மருத்துவமனைக்கு வருவாள். இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து, பூமி உருள்வதைப் பார்த்தபடி ஊர்க்கதை பேசுவார்கள்.

ஒருநாள் ஜெபசிங் என்ற பள்ளி ஆசிரியர் கழுத்துப் பிடிப்போடு வந்தார். பொன்னையா அவருடைய தோள்பட்டையில் விரலை வைத்ததும் உற்சாகமாகப் பேச ஆரம்பித்தார்.

"படிச்சீங்களா வைத்தியரே? கூர்விரலன் பழையபடி திரும்பிட்டான்! ஆசானையே போட்டுத் தள்ளிட்டாம்லா!"

"அவன் அப்படிச் செஞ்சிருக்கமாட்டான்னு தோணுது" என்றான் பொன்னையா.

ஜெபசிங்கின் முகம் சுருங்கியது. "உங்க கை நல்ல கைதான், இல்லன்னு சொல்லல. ஆனா தெரியாத விஷயத்தைப் பேசாதீங்க. சின்னப் பிள்ளையில இருந்து அவனைப் படிக்கிறவன் நான். அவனை அவனைவிட எனக்கு நல்லாத் தெரியும்."

"இருக்கும்" என்றான் பொன்னையா. விரலுக்கடியில் நரம்பு இளகிக்கொண்டிருந்தது. "இப்போ கழுத்தைத் திருப்பிப் பாருங்க."