கொம்பில் நீலச் சாயம்

“எம் மாட்டுக்குப் புழு மருந்தே குடுக்கலைங்கய்யா. எம் பாலுல மருந்து இருக்குன்னு பால் சங்கத்துல எழுதி ஒட்டிட்டாக. பச்சப்புள்ளைக குடிக்கிற பாலு. மூஞ்சிய எங்கன கொண்டு வைக்க?” என்றாள் செபமாலையம்மாள்.

பவுல்ராஜ் ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர். இதுவரை அவர் துப்பறிந்து மீட்டவை ஒரு சேவல், தன் மூக்குக்கண்ணாடி. பக்கத்து வீட்டு ஜிஜி தன்னைத்தானே உதவியாளராக நியமித்துக்கொண்டவள்.

தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் பின்னால் தொழுவம். செபமாலையம்மாளின் செவலைக்கு மடி சுருங்கியிருந்தது. பவுல்ராஜ் கொஞ்சம் சாணியைப் பொட்டலம் கட்டினார். அடுத்த தொழுவத்தில் யாக்கோபின் பசு மடி கனத்து நின்றது. கொம்பில் அழிக்கப் பார்த்த நீலச் சாயம்.

“கறவை வத்திருச்சு சார். நாலு நாளா சங்கத்துப் பக்கமே போகலை,” என்றான் யாக்கோபு, யாரும் கேட்காமலே.

“எல்லாரையும் கூட்டிவச்சுச் சொல்லணும் சார், அப்பதான் கெத்து!” என்றாள் ஜிஜி. பவுல்ராஜுக்கும் உள்ளூர அதே ஆசை.

மறுநாள் சங்கத்தில், செக்ரட்டரி சுவக்கீன் முன்னால் பவுல்ராஜ் தொண்டையைச் செருமினார்.

“செவலைச் சாணியை மைக்ராஸ்கோப்புல பார்த்தேன். புழு முட்டை மொய்க்குது. மருந்து குடிச்ச மாடு இல்ல அது. கால்நடை முகாம்ல புழு மருந்து குடுத்த மாட்டுக்குத்தான் கொம்புல நீலம் பூசுவாங்க. அது யாக்கோபு மாட்டுல இருக்கு. ஏழு நாள் அந்தப் பாலை ஊத்தாதேன்னு சொல்லித்தான் அனுப்புவாங்க. யாக்கோபுக்குக் கொட்ட மனசு வரலை. செவலை அரை லிட்டர்தான் கறக்கும்; இந்தம்மா கேன்ல வந்ததோ மூணு. மிச்சம் யாக்கோபு செஞ்ச உதவி.”

லயத்தில் அது வழக்கம்தான். ஒருத்தி மாடு வற்றினால் பக்கத்து வீட்டுப் பால் அவள் கேனில் விழும். பால் ஊற்றாத நாள் கூடினால் ரத்தாகும் சங்க அட்டை அதனால் தப்பும். செபமாலையம்மாள் தலைகுனிந்தாள்.

சுவக்கீன் பேனாவை மூடினார். “மருந்துப் பாலுன்னா ஒரு மாசம் நிறுத்தம். அடுத்தவுக பாலை ஊத்துனா அட்டையே ரத்து.”

“அப்ப யாக்கோபு?” என்றாள் ஜிஜி.

“அவரு அட்டைல எங்க ஊத்துனாரு?”

யாக்கோபு சுவரைப் பார்த்தான். செபமாலையம்மாள் காலிக் கேனை எடுத்துக்கொண்டாள்.

“பேரைக் காப்பாத்திக் குடுத்துட்டீகய்யா. சும்மா இருந்திருந்தா ஒரு மாசத்தோட போயிருக்கும்.”

பவுல்ராஜ் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். நேற்றிலிருந்து முழு உண்மை பேசியது அந்தச் சாணி ஒன்றுதான். அதை மட்டும் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.